டார்வினுக்குக் கடிதம் எழுதிய மனநோய் மருத்துவர்: கேள்வி பதில்

மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி 1872-இல் டார்வின் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குத் தகவல் தந்த மருத்துவர்களைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றில் சில.

கே: எத்தனையோ டாக்டர்கள் இருக்க, ஏன் மனநோய் மருத்துவர்?

ப: நாலு பேர் முன்னால் நாம் உணர்ச்சியை அடக்கிக்கொள்கிறோம். மனநோய் முற்றியவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்காது என்று டார்வின் நினைத்தார். ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநோய் மருத்துவரை அணுகினார். அவர் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு மனநோய் விடுதியின் தலைவர் ஜேம்ஸ் கிரைட்டன் பிரவுனைக் கைகாட்டினார். 1869-இல் கடிதப் போக்குவரத்து தொடங்கியபோது டார்வினுக்கு அறுபது வயது, பிரவுனுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

கே: அப்படி என்னதான் எழுதினார்?

ப: எனக்குப் பிடித்தது தலைமுடி சமாசாரம். அச்சமோ வெறியோ மிஞ்சும்போது சில நோயாளிகளுக்கு முடி முரண்டு பிடித்து நிற்கும், தெளியும்போது படியும். இதைக் கண்டுசொன்னவர்களில் ஒருவர் மருத்துவரே இல்லை, ஒரு மருத்துவரின் மனைவி. தன் பராமரிப்பில் இருந்த பெண்ணுக்கு முடி படிய ஆரம்பித்துவிட்டது, இனி உடம்பு தேறிவிடும் என்று அவர் சொன்னதைப் பிரவுன் அப்படியே எழுதியனுப்பினார். பிரவுன் அனுப்பிய புகைப்படங்களில் நூலில் இடம்பெற்றது முடி சிலிர்த்த பெண்ணின் படம் ஒன்றுதான், அதுவும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படமாக.

கே: வெட்கத்தில் முகம் மட்டும்தானே சிவக்கும்?

ப: எதுவரை இறங்கும் என்பதே டார்வினின் கேள்வி. உடையை விலக்கிப் பார்க்கக்கூடியவர் டாக்டர்தானே! அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட், பொதுவாக முகம், காது, பிடரியோடு நின்றுவிடும் என்றார். பிரவுன் வேறொன்றைப் பார்த்தார். வலிப்பு நோயாளியான 27 வயதுப் பெண், விடுதிக்கு வந்த மறுநாள் காலை. உதவியாளர்களோடு பிரவுன் கட்டிலருகே போனதுமே கன்னமும் காதும் சிவந்தன. நுரையீரலைப் பரிசோதிக்கக் கழுத்துப் பட்டியை அவிழ்த்ததும் சிவப்பு மார்புவரை பாய்ந்தது. படிக்கையில் எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்கள் வந்து நின்று பார்த்ததால்தானே அந்தப் பெண் வெட்கப்பட்டார்?

கே: குழந்தை வீறிட்டு அழும்போது கண்ணை இறுக்குவது பற்றியும் யாரிடமோ கேட்டாராமே?

ப: கண் மருத்துவர் வில்லியம் போமனிடம். அவர் மூலம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பேராசிரியர் டோண்டர்ஸ் வந்தார். மூச்சை வேகமாக வெளியே தள்ளும்போது கண்ணில் ரத்தம் தேங்கும். சுற்றுத் தசை இறுகிக் கண்ணைக் காக்கிறது என்றார்.

கே: நம் பக்கத்திலிருந்து யாராவது?

ப: இலங்கையிலிருந்து கிளெனி என்ற பாதிரியார் சில கேள்விகளுக்குப் பதில் அனுப்பினார். டாக்டர் இல்லை.

கே: பிரவுனுக்குப் பெயர் கிடைத்ததா?

ப: நூலுக்குள் பல இடங்களில் இருக்கிறது. இதை 'டார்வின், பிரவுன்' எழுதியது என்றே சொல்லவேண்டும் எனக் கடிதத்தில் டார்வினே எழுதினார். அட்டையில் வந்தது ஒரு பெயர்தான்.