சந்தைக்கு வந்த பேய்க்கணவாய்

அன்புள்ள ஐயா,

கலீசியா பற்றிய உங்கள் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயினின் அந்த வடமேற்குக் கடற்கரை மக்களின் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) உணவை வீட்டில் செய்து பார்க்க ஆசை. குக்கரில் வேகவைக்கலாமா? பிடித்த அன்றே சமைத்தால்தானே உண்மையான கடற்கரைச் சுவை கிடைக்கும்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

குக்கரோ சட்டியோ, உங்கள் வசதி. உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஊர் திரும்பியதிலிருந்து நானும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த உணவின் பெயர் 'போல்போ ஆ ஃபெய்ரா'; அதில் ஃபெய்ரா என்றால் சந்தை. பெயரே சொல்வதைக் கேட்காமல் கடற்கரை, கடற்கரை என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறீர்கள்? இந்தச் சமையலில் பேர்போனவர்கள், கடலே இல்லாத ஓரென்சே மாவட்டத்தில் ஓ கார்பாயீன்யோ என்ற ஊரைச் சுற்றியுள்ள பெண்கள். முற்காலத்தில் கடலோரக் குடிகள் ஒசேய்ரா என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்கு உலர்ந்த பேய்க்கணவாயை வரியாகச் செலுத்தினார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. கருவாடாக மலையேறி வந்ததை ஊறவைத்து, செப்புக் கொப்பரையில் வேகவைத்து, சந்தைக்கு வந்த உழவர்களுக்கும் மாட்டு வியாபாரிகளுக்கும் விற்ற கைகளே இந்த உணவை உருவாக்கின. மேலே தூவும் சிவப்புத் தூள்கூட அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாய்ச் செடியின் கொடை. புதிதாக இருப்பதே உண்மை என்று நம்பினால் இத்தனை பேருடைய உழைப்பும் கண்ணில் படாமல் போய்விடும். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அவ்வூரில் பேய்க்கணவாய்த் திருவிழா. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கொப்பரை முன் நின்றிருந்தார். பேய்க்கணவாயின் தலையைப் பிடித்துக் கொதிநீரில் மூன்று முறை அமிழ்த்தி எடுத்தார். தோல் உரியாமலிருக்க அப்படிச் செய்வார்களாம். பிறகுதான் முழுதாக உள்ளே விட்டார். வெந்ததும் கத்தரிக்கோலால் மரத்தட்டில் வெட்டிப் போட்டு, கல்லுப்பு, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய் என்று கை ஓயாமல் சேர்த்தார். கடலுக்கு அடிக்கடி போவீர்களா என்று நண்பர் மூலம் கேட்டேன். "பேத்தி கூப்பிட்டால் போவேன்" என்றார். தட்டில் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துச் சாப்பிட ஒரு ரொட்டித் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

உங்கள் ஊர்க் கடையில் உறையவைத்ததுதான் கிடைக்கிறதென்றால் வருந்தாமல் வாங்குங்கள். முன்பு அடித்து அடித்து மென்மையாக்கியதை இப்போது உறைபனியே செய்துவிடுகிறது. வெட்டுவதற்கு மட்டும் கத்தியை எடுக்காதீர்கள், அம்மா; கத்தரிக்கோல் போதும்.