சுவருக்குள் போவதற்குக் கடன், சுவர்மேல் மாட்டுவதற்குச் சம்பளம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே 1,900 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. கணவர் திருப்பூர் கம்பெனிகளுக்குப் பின்னலாடை ஜாப் ஒர்க் செய்கிறார். வீட்டுக்கடன் 35 லட்சம், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம். தளம் போட்டாகிவிட்டது, அடுத்த வாரம் உள்பூச்சு தொடங்குகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விளக்கு, விசிறியைப் போனிலிருந்தே இயக்கும் ‘ஸ்மார்ட் ஹோம்’ வைத்தே ஆக வேண்டும் என்கிறான். ஒரு நிறுவனம் 3,40,000 ரூபாய் கேட்கிறது. கடனில் சேர்த்தால் மாதம் மூவாயிரம்தான் கூடும் என்கிறார் இன்ஜினியர். வைப்புநிதியில் 4 லட்சம் இருக்கிறது. அதை எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். ‘பிற்பாடு வைத்துக்கொள்ளத் தோதாக வயர் மட்டும் இழுத்துவிடுகிறேன், 28,000 கூடுதலாகும்’ என்கிறார் வயர்மேன். என்ன செய்யலாம்? எந்த சிஸ்டம் வாங்கலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அதில் உங்கள் பணத்தை நினைத்துப் பேசியவர் வயர்மேன் ஒருவர்தான். அவர் கேட்கும் 28,000 ரூபாயை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். 3,40,000 ரூபாய் மதிப்பீட்டை மடித்து அலமாரியில் வையுங்கள்.

முதலில் அந்த ‘மாதம் மூவாயிரம்தான்’. நீங்கள் சொல்லும் வட்டிக்கு 20 ஆண்டுக் கடனில் லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். 3,40,000 ரூபாய்க்கு 2,951. இன்ஜினியர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை 240 மாதத்தால் பெருக்குங்கள்: 7,08,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். பொருளின் விலையைவிட வட்டி அதிகம். வீட்டுக்கு இப்படிக் கட்டுவதில் நியாயம் இருக்கிறது. கடன் தீரும்போது வீடு நிற்கும். சுவிட்சுக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய தொடு பேனல் நிற்குமா? என் அனுபவத்தில் ஏழெட்டு ஆண்டு தாங்கினாலே பெரிது. அதாவது மூன்றாவது பேனலை மாட்டிக்கொண்டிருக்கும்போதும் முதல் பேனலுக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். செப்புக் கம்பியும் பைப்பும் அப்படியல்ல. பூச்சுக்குள் போய்விட்டால் கடனைவிட நீண்ட காலம் கிடக்கும். அதனால் சுவருக்குள் போவதைக் கடனில் சேருங்கள். 28,000 ரூபாய்க்கு மாதம் 243 ரூபாய்தான் கூடும். சுவர்மேல் மாட்டுவதைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் வீடு கட்டியபோது நானும் இதே வலையில் விழுந்தவன்தான். கண்ணாடித் தொடு பேனல் ஏழு மாட்டினேன். மூன்றாம் ஆண்டு சித்திரையில் ஓர் இரவு இடி இறங்கியது. மூன்று பேனல்கள் செத்துப்போயின. விற்ற நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தால் யாரோ ஒரு ஜவுளிக் கடைக்காரர் எடுத்தார். வேறு நிறுவனத்தின் பேனல் அந்தப் பாக்ஸில் உட்காரவில்லை. கடைசியில் சுவரைக் கொத்தி, சாதாரண சுவிட்ச் மாட்டினோம். படுக்கையறையில் அந்த ஒட்டு இன்றும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஊருக்கெல்லாம் பணத்தைப் பற்றிப் புத்தி சொல்பவன் வீடு அது.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனம் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் போனில் இருந்த செயலி வெறும் படமானது. பிறகு பயனாளர்கள் சிலரே அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கி உயிர் கொடுத்தார்கள். நம்மால் அது ஆகிற காரியமா?

இனி, எதை வாங்குவது என்ற கேள்வி. வைஃபையில் நேரடியாக இயங்குபவை மலிவு. நாலைந்துக்குச் சரி; முப்பது நாற்பது மாட்டினால் வீட்டு ரூட்டர் திணறும். ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லா வகைக்கு, எல்லாவற்றையும் இணைக்க நடுவில் ஹப் என்ற ஒரு பெட்டி வேண்டும், ஆனால் இணையம் போனாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். கே.என்.எக்ஸ். என்பது தனி கேபிள் இழுத்துச் செய்வது. உறுதியானது, உங்கள் பட்ஜெட்டுக்கானதல்ல. ஆப்பிள், கூகுள், அமேசான் போன்றவை சேர்ந்து உருவாக்கி 2022 அக்டோபரில் வெளிவந்த ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் இருக்கிறது. அந்தக் குறி உள்ள பொருளை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போட முடியாது. ஆகவே ஜிக்பீ அல்லது மேட்டர். அதிலும் வழக்கமான சுவிட்சுக்குப் பின்னால், பாக்ஸுக்குள் உட்காரும் சிறு மாட்யூல், அதாவது விளக்கைப் போனிலிருந்தும் போட வைக்கும் சின்னக் கருவி. அது செத்தாலும் கழற்றிப் போட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடலாம். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இருட்டில் சுவரைத் தடவினால் கைக்கு சுவிட்ச் அகப்படும். விளக்குப் போட போன் தேடவேண்டியதில்லை.

விற்பவர் செய்துகாட்டும்போது ரூட்டரைப் பிடுங்கிவிட்டு விளக்கைப் போடச் சொல்லுங்கள். பிறகு மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை நிறுத்துகிற நாளில், மின்சாரம் திரும்பும்போது வீட்டிலுள்ள விளக்கெல்லாம் தானாக எரிந்தால், ஆளில்லாத வீட்டில் அது கூத்துதான்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று மதிப்பீட்டில் எழுதியிருப்பார்களே? ஸ்மார்ட் சாதனம் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்தால் நாற்பது சாதனத்துக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 58 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: பழைய மின்விசிறி 75 வாட் என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். ஐந்து விசிறி, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 135 யூனிட் மிச்சம். மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வீட்டில் குடியேறிய பிறகு முதலில் வாங்க வேண்டியது தண்ணீர் மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி. மோட்டாருக்குப் பெயர்போன கோயமுத்தூர் பக்கத்திலேயே இருந்தும், மேல்தொட்டி நிரம்பியதைப் பக்கத்து வீட்டுக்காரர் கத்தித்தான் நம்மில் பாதிப் பேர் தெரிந்துகொள்கிறோம். சம்ப் காலியானால் மோட்டாரை நிறுத்தும் வசதியும் அதில் இருக்கட்டும். அடுத்து அந்த மின்விசிறிகள். பிறகு வாசலுக்கு, பதிவு வீட்டுக்குள்ளேயே சேரும்படி ஒரு கேமரா. விளக்கு மாட்யூல் எல்லாம் அதன் பிறகு. முதலில் வாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு இரண்டுக்கு மட்டும் மாட்டி ஆறு மாதம் பாருங்கள்.

வைப்புநிதியைத் தொடாதீர்கள். 35 லட்சத்துக்கே தவணை 30,374 ரூபாய். திருப்பூரில் ஆர்டர் குறைகிற மாதத்திலும் வங்கி அதே தேதியில் எடுத்துக்கொள்ளும். அந்த 4 லட்சம் ஓராண்டுத் தவணைக்கும் சற்றே கூடுதல், அவ்வளவுதான். காம்பவுண்டு, கேட், புகுவிழாச் செலவு எல்லாம் இனிமேல்தான் வரப்போகின்றன.

வயர்மேனிடம் கேட்க வேண்டியவை: விளக்கு சுவிட்ச் மட்டும் உள்ள பாக்ஸுக்கு நம் ஊரில் பெரும்பாலும் ஃபேஸ் மட்டுமே இறக்குவார்கள், ஸ்மார்ட் மாட்யூல்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரலும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். எல்லாப் பாக்ஸுக்கும் இறக்கச் சொல்லுங்கள். ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு கலக்கக் கூடாது, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும். பாக்ஸ் ஆழமானதாக இருக்கட்டும். ஹாலுக்கும் மாடிக்கும் கேமரா இடங்களுக்கும் கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள். வாசல் கேட்டுக்கும் போர்வெல்லுக்கும் மொட்டை மாடிக்கும் வெறும் பைப். மாடிப் பைப் சூரிய மின்தகட்டுக்கு உதவும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வைத்திருக்கிறார்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மெயின் போர்டில், இடி மின்னலின்போது பாயும் மிகை மின்சாரத்தைத் தடுக்க மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள், என் மூன்று பேனலின் நினைவாக.

பூச்சுக்கு முந்தைய நாள் அளவு டேப்பைத் தரையிலிருந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவரையும் போனில் படமெடுத்து மகனுக்கு அனுப்பிவையுங்கள். எந்தப் பைப் எங்கே போகிறது என்று நாளைக்கு அவன்தான் தேடப்போகிறான்.