புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறேன். குழுவில் தவறுகளை மறைக்காமல் சொல்ல வைப்பது எப்படி?

எட்டுப் பேர் கொண்ட குழு, எல்லோரும் திறமைசாலிகள், ஆனாலும் கோளாறு எதுவும் கிளையண்ட் போன் செய்த பிறகுதான் தெரியவருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்குத் தனி பட்ஜெட் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் ஐந்து வருடமாக லீடாக இருக்கிறேன். என் குழுவும் அப்படித்தான் இருந்தது.

நம் அலுவலகங்களில் கெட்ட செய்தி பெரும்பாலும் "அண்ணா, ஒரு சின்ன டவுட்" என்றுதான் ஆரம்பிக்கும். நான் லீடான முதல் வருடம், இரண்டு வருட அனுபவமுள்ள ஒரு பெண் காலை பதினொன்றரை மணிக்கு என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று அதைத்தான் சொன்னார். இரவு பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடும் வேலை) பாதியில் நின்றிருக்கிறது. அவர் மறுபடி ஓடவிட்டிருக்கிறார். அது விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து ஓடி, ஏற்கெனவே தவணை நினைவூட்டல் எஸ்எம்எஸ் போனவர்களுக்கெல்லாம் இன்னொரு முறை அனுப்பிவிட்டது. "எப்போ பார்த்தீங்க?" என்றேன். ஏழு மணிக்கு என்றார். அன்று காலை குழு சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'டைப்பிங்' என்று மூன்று தடவை வந்து மறைந்ததை நானே பார்த்திருந்தேன். எழுதி எழுதி அழித்திருக்கிறார்.

ஏன் என்று பிறகு மெதுவாகக் கேட்டபோது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பையன், தன் மாற்றத்தால் பில்ட் (மென்பொருளை ஒன்றாகத் தொகுப்பது) உடைந்துவிட்டது என்று ஸ்டாண்ட்-அப்பில், அதாவது தினமும் நடக்கும் சின்னக் கூட்டத்தில், சொன்னான். "இதைக்கூட செக் பண்ண மாட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது, அவர்கள் யாருக்கும் மறக்கவில்லை.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தயங்காமல் சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடித் தெரிந்தது என்பதுதான் அவர் கண்ட விளக்கம். இதை வளர்த்து 1999இல் 'உளவியல் பாதுகாப்பு' (தவறைச் சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை) பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆகவே உங்கள் குழுவில் எந்தக் கோளாறும் காதுக்கு வரவில்லை என்றால், தயவுசெய்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

நம் துறைக்குள்ளேயே இதற்கு நல்ல உதாரணம், நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று, இரண்டாம் நிலை டேட்டாபேஸின் கோப்புகளை அழிக்க நினைத்த ஒரு இன்ஜினியர், முதன்மை சர்வரில் அதே கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் ஒன்றும் உருப்படியாக இல்லை. வெர்ஷன் பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் தடுக்கப்பட்டு, யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் அதே இன்ஜினியர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், குறிப்புகளை அப்போதைக்கப்போது வெளியிட்டார்கள். இதில் "யார் செய்தது?" என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு பெயரோடு விசாரணை முடிந்திருக்கும், அந்த மின்னஞ்சல் கோளாறு அப்படியே கிடந்திருக்கும்.

சரி, நான் என்ன செய்தேன்? ஸ்டாண்ட்-அப்பில் அந்தப் பையனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்: என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிய ஏன் அவ்வளவு நேரமானது, எதை மாற்றப் போகிறோம். பெயர் போடமாட்டோம். பேட்ச் ஜாப் பற்றிய முதல் பக்கத்தை அந்தப் பெண்தான் எழுதினார். இன்றைக்கு அந்த ஜாப், எஸ்எம்எஸ் அனுப்பும் முன் அந்த எண்ணுக்கு ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறது.

இதில் கஷ்டமான இடம் அப்ரைசல். அந்தப் பக்கங்களைக் காட்டி "இது யாருடைய வேலை?" என்று என் மேனேஜர் கேட்டார். பெயரைக் கொடுக்க மாட்டேன் என்றேன். இரண்டு மீட்டிங் இதே பேச்சுதான். ஒரு பெயர் வெளியே போனால் அடுத்த பக்கத்தை யாரும் எழுத மாட்டார்கள், மறுபடி கிளையண்ட் சொல்லித்தான் நமக்குத் தெரியும் என்று விளக்கியபோது ஒப்புக்கொண்டார். இதை முதல் நாளே உங்கள் மேனேஜரிடம் பேசி முடித்துவிடுங்கள். அது முடியாமல் "பயப்படாமல் சொல்லுங்க" என்று குழுவிடம் சொன்னால் அது பொய் வாக்குறுதி.

அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. ரிவ்யூ (இன்னொருவர் சரிபார்ப்பது) இல்லாமல் நிரலை உள்ளே தள்ளுவதையே வழக்கமாக வைத்திருந்த ஒருவரைத் தனியாக அழைத்து, நேராகவே பேசினேன்.

பயிற்சிக்கு எனக்குத் தனி பட்ஜெட் கிடைத்ததே இல்லை. வியாழன் மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் எல்லோருடைய காலண்டரிலும் பிடித்து வைத்திருக்கிறேன். பழைய பக்கம் ஒன்றை யாராவது வாசிப்பார், மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். நான் எழுதும் நிரலை முதலில் ரிவ்யூ செய்வது குழுவில் கடைசியாகச் சேர்ந்த ஃப்ரெஷர்தான். போன மாதம் சேர்ந்த பையன் முதல் வாரம் முழுக்க 'ஓகே' மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம், "அண்ணா, இந்த லூப் காலியான லிஸ்ட் வந்தா உடையுமே" என்று எழுதியிருந்தான். உடையத்தான் செய்தது.