எலக்ட்ரோலிசிஸ் கேள்வி-பதில்: பவரைக் கூட்டுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள்

கேள்வி: எலக்ட்ரோலிசிஸில் (மயிர்க்காலில் ஊசி செருகி, மின்சாரத்தால் முடியை நீக்கும் முறை) தெர்மோலிசிஸ், அதாவது ஊசி வழியாக வெப்பம், கொடுத்த பிறகும் முடியை ட்வீசரால் இழுக்க வேண்டியிருக்கிறது. பவரைக் கூட்டலாமா?

உடனே கூட்டாதீர்கள், முதலில் ஆழத்தைச் சரிபாருங்கள். அதே இடத்தில் வேரோடு வந்த ஒரு முடியை ஊசியின் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். முடி சாய்ந்திருக்கும் கோணத்திலேயே ஊசி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். தோல் குழிந்தாலோ 'சுருக்'கென்று குத்தினாலோ மயிர்க்காலின் சுவரில் இடித்திருக்கிறது. கரண்ட் விடாமல் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் முடி பிடித்தால் நேரம், பவர் இரண்டில் ஒன்றை மட்டும் ஒரு படி கூட்டி, அடுத்த முடியில் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது, புண் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சரியான அளவு கிடைத்த முடி, தொட்டதும் வேர்க்குமிழோடு நழுவி வரும். லேசாக இழுபட்டு வந்தாலும் அது பிடுங்கிய முடிதான், திரும்ப முளைக்கும்.

கேள்வி: கால்வானிக்கில் (வெப்பத்துக்குப் பதில், மயிர்க்காலில் காரம் எனும் அரிக்கும் பொருளை உண்டாக்கி வேரை அழிக்கும் முறை) எத்தனை மில்லிஆம்பியர், எத்தனை விநாடி?

0.1 மில்லிஆம்பியர் ஒரு விநாடி பாய்ந்தால் ஒரு யூனிட் காரம் என்பது கணக்கு. மேலுதட்டின் மெல்லிய முடிக்குச் சுமார் 15 யூனிட், நடுத்தர முடிக்கு 45, தாடையில் ஆழமாக வேரூன்றிய முடிக்கு 60, மிகத் தடித்ததற்கு 80 வரை. 60 யூனிட் வேண்டுமென்றால் 0.6 மில்லிஆம்பியரில் 10 விநாடி, 0.4-ல் 15 விநாடி. வலி தாங்காதவருக்குக் கரண்டைக் குறைத்து நேரத்தை நீட்டுங்கள். உருவாகும் காரத்தின் அளவு மாறாது. மயிர்க்காலில் இருக்கும் ஈரமும் உப்பும்தான் காரமாக மாறுகின்றன. அதனால் வறண்ட சருமத்தில் வேலை மெதுவாகவே நடக்கும்.

கேள்வி: முடி எடுத்த இடம் வெளுத்து, பிறகு கறுத்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் ஊசி மேலோட்டமாக நின்று, வெப்பம் தோலின் மேற்பரப்புக்கு வந்திருக்கும். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: 4-ஆம் நம்பர் ஊசியிலிருந்து 2-ஆம் நம்பருக்கு மாறியும் பழைய செட்டிங்கையே வைத்திருப்பது. ஊசி மெலிந்தால் அதே பவர் சிறிய பரப்பில் குவியும். முடியின் தடிமனுக்கு ஏற்ற ஊசியைப் போடுங்கள். ஊசியை மாற்றினால் செட்டிங்கைக் குறைத்துத் தொடங்குங்கள்.

நம்முடைய மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் தழும்பு எளிதில் படியும். ஒரே அமர்வில் பக்கத்துப் பக்கத்து முடிகளைத் தொடாமல் இடம்விட்டு எடுங்கள். பொருக்கை உரிக்க வேண்டாமென்று சொல்லி அனுப்புங்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கால்வானிக் செய்த இடத்தில் கருப்புப் புள்ளி விழுந்தது.

நேர்-எதிர் முனைகள் மாறியிருக்கலாம். ஊசி எப்போதும் எதிர்முனையில் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கையில் பிடிக்கும் கம்பி நேர்முனையில். மாறிவிட்டால் காரத்துக்குப் பதில் அமிலம் உண்டாகி, ஊசியின் உலோகம் தோலில் பச்சை குத்தியதுபோல் படியும். அது போகாது. ஒவ்வொரு நாளும் முதல் ஆளைத் தொடும் முன் இணைப்பைப் பாருங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்தவருக்குச் செய்யலாமா?

செய்யாதீர்கள்.

கேள்வி: நழுவித்தான் வந்தது. மூன்று வாரத்தில் மறுபடி முடி தெரிகிறதே?

அது பெரும்பாலும் அன்று தோலுக்கு மேலே வராத வேறு முடி. ஆனால் ஓய்வுக் கட்டத்து முடி (வளர்ச்சி நின்று உதிரக் காத்திருப்பது) எந்த செட்டிங்கிலும் தானாக நழுவும்; அதை வைத்து அளவு சரி என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் முன்பு ஷேவ் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். அப்போது வெளியே தெரிவது வளரும் முடி மட்டுமே. செட்டிங்கை அதில் சோதியுங்கள். இடையில் த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது.