குளிர் அணு ஆராய்ச்சிக்கு ஒன்றரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகள் காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறாள். கடுங்குளிர் அணுக்களில் 'குவாண்டம் பின்னல்' உண்டாக்கும் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். கன்சல்டன்சிக்காரர் ஒருவர் ஆறு மாத ஆன்லைன் செய்முறைப் பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். முடித்தால் பிஎச்.டி. இடம் உறுதியாம். கட்டலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கட்டாதீர்கள் ஆச்சி. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

இந்த வேலைக்கு ஆன்லைன் செய்முறை என்று ஒன்று கிடையாது. காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் ரூபிடியம் அணுக்களை லேசரால் வேகம் குறைத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் சூடானவற்றைத் தப்பவிட்டு, மிச்சத்தை மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குளிரில் மோதல்களைக் கொஞ்ச நேரம் பக்குவமாக நடக்கவிட்டால், ஓர் அணுவின் நிலையை மற்றவற்றை விட்டுத் தனியாகச் சொல்ல முடியாதபடி கூட்டமே பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட அணுமேகத்தின் தனித்தனிப் பகுதிகளுக்கு இடையிலும் பின்னல் இருப்பதை ஐரோப்பாவின் பாசல், ஹைடல்பெர்க், ஹனோவர் நகர ஆராய்ச்சிக் குழுக்கள் 2018இல் காட்டின. மேசை நிறைய நிற்கும், லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைக் கையால் திருகித் திருகிக் கற்கும் வேலை இது. யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலே லேசர் தன் அலைநீளத்திலிருந்து நழுவிவிடும். இதை லேப்டாப்பில் எப்படிப் பழக்குவார்?

ஒரு விலக்கு உண்டு. மகளுக்கு விருப்பம் சோதனையில் இல்லாமல் தியரியில் என்றால், லேப்டாப்பே போதும். அணுக்கள் எப்படிப் பின்னுகின்றன என்பதைக் கணினியில் கணக்கிடுவதும் முழுநேர ஆராய்ச்சிதான், அதில் பிஎச்.டி.யும் வாங்கலாம். தியரியா, சோதனையா என்று அவளிடமே கேளுங்கள். தியரி என்றாலும் பணம் கட்டத் தேவையில்லை: ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் குவாண்டம் பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

'இடம் உறுதி' என்பது சுத்தப் பொய். ஜெஸ்ட், கேட், நெட் போன்ற தேர்வு எழுதி, நேர்காணலில் தேற வேண்டும். இடைத்தரகருக்கு அங்கே நாற்காலியே கிடையாது. நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் அவள் கைக்கு வரும்.

2023இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அரசு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. சேரும் வழியைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல மட்டும் ஆளில்லை. அறிவிப்பு ஏதோ ஓர் இணையதள மூலையில் ஆங்கிலத்தில் கிடக்கிறது. தரகர்கள் பிழைப்பதே இதனால்தான்.

பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம், புனேயில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனம் இரண்டிலும் குளிர் அணு ஆய்வகங்கள் உண்டு. கோடை விடுமுறை ப்ராஜெக்ட் கேட்டு மகளையே பேராசிரியர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதட்டும். ஒன்றரை லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். நேர்காணலுக்குப் போய்வர ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.