‘ரன்’ எங்கிருந்து ஓடி வந்தது? கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற வினைச்சொல்லைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நீளமானவற்றைச் சுருக்கி, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மாலதி: ‘ரன்’னுக்கு 600-க்கும் மேல் அர்த்தம் இருக்கிறதாமே, நிஜமா சார்?

நிஜம்தான். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2011-இல் இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் வந்தன. அந்த ஒரே சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஏறத்தாழ ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். அதற்கு முந்தைய 1989 பதிப்பில் ‘செட்’தான் ராஜா, அதற்கு 430.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது எல்லாவற்றையும் அகராதிக்காரர்கள் பிரித்துப் பிரித்துத்தான் வைப்பார்கள். அது அவர்கள் தொழில். படிக்கிற நமக்கு இது மூன்று நான்கு கிளை விட்ட ஒரே மரம்.

ஹரிஹரன்: ‘ஹி ரன்ஸ்’ என்றால் ஓடுகிறான். ‘ஹி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்றால் ஹோட்டல் நடத்துகிறான். ஓடுவதற்கும் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம்?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். தமிழ்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம்.

வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறான். ஓடு, ஓட்டு என்று நம்மிடம் இரண்டு வினைகள் உண்டு. தானாக நடப்பதற்கு ஒன்று, ஒருவர் நடத்தி வைப்பதற்கு இன்னொன்று. பழைய ஆங்கிலத்திலும் அப்படியே இருந்தது. தானாக ஓடுவது ‘ரின்னன்’, ஓட வைப்பது ‘ஏர்னன்’. ‘சிட் – செட்’, ‘ஃபால் – ஃபெல்’, ‘ரைஸ் – ரெய்ஸ்’ ஜோடிகள் இன்றும் பிழைத்திருக்கின்றன. ‘ஃபெல்’ என்றால் மரத்தை வெட்டி விழவைப்பது. ‘ரன்’ விஷயத்தில் மட்டும் இரண்டும் காலப்போக்கில் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. அதனால் ஓடுவதும் ‘ரன்’, ஓட்டுவதும் ‘ரன்’.

அந்த ஹோட்டல்காரரிடமே கேட்டுப் பாருங்கள். “ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன் தம்பி” என்றுதான் சொல்வார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ரின்னன்’ மனிதர் ஓடுவதற்கு மட்டுமான சொல்லாக இருக்கவில்லை. நீர் ஓடுவதற்கும் அதுவே. ஜெர்மனில் இன்றும் ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் நீர் கசிந்து ஓடுவது. நாமும் ஆறு ஓடுகிறது என்கிறோம், ஓடை என்கிறோம். படம் நூறு நாள் ஓடியது, மனசு எங்கோ ஓடுகிறது. நின்றுவிடாமல் தொடர்வதெல்லாம் ஓட்டம்தான். மில்லும் ரயிலும் வந்த பிறகு இயந்திரங்களும் இந்த வினையைப் பிடித்துக்கொண்டன. 645-இல் பலவற்றுக்கு இயந்திர யுகம்தான் பொறுப்பு. கணினியில் புரோகிராம் ‘ரன்’ ஆவது அந்த வரிசையில் கடைக்குட்டி.

ஷர்மிளா: ‘பிகின் – பிகேன் – பிகன்’ ஒழுங்காகப் போகிறது. ‘ரன் – ரேன் – ரன்’ ஏன் இப்படி?

‘ரின் – ரேன் – ரன்’ என்றுதான் வந்திருக்க வேண்டும். மூன்றாவது வடிவத்தின் உயிரெழுத்து முதல் வடிவத்துக்குள் புகுந்துவிட்டது. ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘ரின்’ இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’னை விட ‘இர்னன்’ என்ற வடிவமே அதிகம் புழங்கியது. ரகரம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. நம் ‘தசை’ ‘சதை’ ஆனது போல, மதுரை பேச்சில் ‘மருதை’ ஆனது போல. அப்புறம் ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியில் ‘ரின்னா’, ‘ரென்னா’ என்று ரகரம் முன்னால்தான் இருந்தது. இன்றைய ‘ரன்’னில் ரகரம் முதலில் நிற்பதில் அவர்களுக்குப் பங்குண்டு.

செல்வகுமார்: ‘ரணம்’ என்ற வடசொல்லிலிருந்து ‘ரன்’ வந்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்கள். போர்க்களத்தில் ஓடுவதாம். சரியா ஐயா?

இல்லை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதை வைத்து உறவு கொண்டாட ஆரம்பித்தால் உலகத்தில் எல்லாச் சொல்லும் எல்லாச் சொல்லுக்கும் மாமன் மச்சான்தான். ஆங்கிலத்துக்குப் பழைய உறவுக்கார மொழியான கோத்திக்கில், நான்காம் நூற்றாண்டு பைபிளிலேயே ‘ரின்னன்’ இருக்கிறது. இது ஜெர்மானியக் குடும்பத்து வீட்டுச் சொல். ‘ரன்’ என்ற இன்றைய உருவம் பின்னால் வந்தது, அதை எடுத்துக்கொண்டு ‘ரண’த்தோடு ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

பிரவீன்: கிரிக்கெட்டில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடுவதே இல்லை. அதற்கும் ஏன் ‘ரன்’?

முதலில் ஓடித்தான் எடுத்தார்கள். எல்லைக் கோடு வகுக்காத காலத்தில் பந்து எவ்வளவு தூரம் போனாலும் ஆட்டக்காரர் 22 கெஜத்தை ஓடிக் கடந்தே எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணக்கெழுதுபவர் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவார். அதனால் அந்த நாளில் ஓட்டங்களை ‘நாட்ச்’ என்றே சொன்னார்கள். நாட்ச் என்றால் அந்த வெட்டுத்தான். காகிதம் வந்ததும் குச்சி போனது, ‘நாட்ச்’சும் போனது, ‘ரன்’ நின்றது. சிக்ஸரில்கூட 1910-க்கு முன் எல்லையைத் தாண்டினால் போதாது, மைதானத்துக்கே வெளியே அடிக்க வேண்டும்.

நசீமா: ‘பேங்க் ரன்’ என்றால் வங்கி ஓடிப்போவதா?

வங்கி ஓடினால் அதற்கு வேறு பெயர், போலீஸ் வரும்! பணம் போட்டவர்கள் எடுப்பதற்காக ஓடி வருவதுதான் இது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நீண்ட வரிசைகள் நின்ற படங்கள் உலகம் முழுக்கப் பரவின. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலோர் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை, எல்லாம் கணினியிலும் போனிலும். ஆனாலும் பெயர் ‘ரன்’தான்.

தேவராஜ்: அமெரிக்காவில் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, ஊருக்கு ஊர் வழக்கு. அமெரிக்கர்களுக்குத் தேர்தல் ஒரு பந்தயம். நாம் பிரிட்டன் கட்சி, நம் வேட்பாளர்களும் தேர்தலில் ‘நிற்கிறார்கள்’. ஜெயித்த பிறகு யார் எங்கே ஓடுகிறார்கள் என்பது மொழியியலுக்கு வெளியே.

காவ்யா: நாலாபக்கத் தாக்குதலையும் தாங்கிக் கடப்பதை ‘ரன் தி காண்ட்லெட்’ என்கிறார்கள். அதில் கையுறை எப்படி வந்தது?

கையுறை வரவே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் ‘கட்லொப்’ என்று ஒரு ராணுவத் தண்டனை. ‘கட்டா’ என்றால் தெரு, ‘லொப்’ என்றால் ஓட்டம். வீரர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள், தப்புச் செய்தவன் நடுவே போக வேண்டும், இரு பக்கமும் அடி விழும். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பல நாட்டுப் படைகள் கலந்தபோது ஆங்கிலேயர் காதில் இது விழுந்தது. தங்களுக்குப் பழக்கமான, கையுறையைக் குறிக்கும் ‘காண்ட்லெட்’டாக அதைத் திரித்துக்கொண்டார்கள். சவால் விடுவதற்குக் கீழே வீசுகிறார்களே, அதுதான் அசல் கையுறை. ‘ரன் அமாக்’கில் உள்ள ‘அமாக்’ மலாய் மொழியிலிருந்து வந்தது, வெறிபிடித்துத் தாக்குவது.

சுமதி: சீஸ் செய்யப் பாலை உறையவைக்கும் ‘ரென்னெட்’டும் இதோடு சேர்ந்ததா?

ஆமாம், சொந்தக்காரர்தான். ‘ஒன்றாக ஓடிச் சேருதல்’ என்பதற்கான பழைய சொல் பால் உறைவதற்கும் வழங்கியது. ஜெர்மனில் பாலோ ரத்தமோ உறைவதற்கு இன்றும் ‘கெரின்னன்’ என்றே பெயர்.

அருண்: பரீட்சைக்கு 645-ஐயும் படிக்கணுமா அண்ணா?

வேண்டாம் தம்பி. ‘ரன் அவுட் ஆஃப்’ தீர்ந்துபோவது, ‘ரன் இன்டு’ எதிர்பாராமல் எதிர்ப்படுவது, ‘ரன் ஓவர்’ வண்டி ஏற்றுவது, ‘ரன் த்ரூ’ ஒருமுறை விரைவாகப் பார்ப்பது. இந்த நாலையும் வாக்கியத்தில் எழுதிப் பழகு. மற்றதெல்லாம் படிக்கப் படிக்க வரும்.