பதில்: வியாழன் ஸ்நோவுக்குள்ள பியர்சனுக்குப் போகலாமோ?

வணக்கம். வியாழன் பின்னேரம் 5 மணிக்கு அம்மா டொரொண்டோ பியர்சன் ஏர்போட்டில இறங்குறா, 10 - 20 சென்டிமீட்டர் ஸ்நோ எண்டு போட்டிருக்கு, ஸ்காபரோவிலயிருந்து காரில போகலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள்.

எவ்வளவு எண்டதை விட, எத்தனை மணிக்குத் தொடங்குது எண்டதைப் பாருங்கோ. இன்னும் மூண்டு நாள் கிடக்கு. புயல் கொஞ்சம் விலகினாலே கணக்கு மாறிடும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட நிண்டா ஏரிக்கரையில வெறும் மழை, வடக்கில மார்க்கம் பக்கம் ஸ்நோ கொட்டும். புதன் இரவு என்வயர்மென்ட் கனடாவின்ர (அரசாங்க வானிலைப் பகுதி) மணித்தியாலக் கணிப்பைப் பாத்து முடிவெடுங்கோ.

மத்தியானமே தொடங்குமெண்டா, அதுக்கு முதலே போய் ஏர்போட்டில குந்தியிருங்கோ. போன வருசம் நான் ஸ்நோவுக்குள்ள 401 ஹைவேயில ஏறி, 40 நிமிச ஓட்டம் மூண்டு மணித்தியாலமாச்சு. கண்ணாடிக்கு அடிக்கிற நீலத் தண்ணியும் பாதி வழியில முடிஞ்சுது. அதில ஒரு கான் டிக்கியில கிடக்கட்டும். ஷவலும் வையுங்கோ, திரும்பி வரேக்க, ரோட்டில ஸ்நோ தள்ளுற வண்டி (பிளவ்) தள்ளிவிட்ட கட்டிப் பனி உங்கட ட்ரைவ்வே வாசலை மறிச்சிருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏர்போட்டிலயிருந்து வெளிக்கிடவும் அவசரப்படாதேங்கோ, பிளவும் உப்பு லொறியும் ஓடட்டும்.

ட்ரெயின் எண்டா GO ட்ரெயினில யூனியன் ஸ்டேஷன், அங்கயிருந்து ஏர்போட்டுக்குப் போற யுபி எக்ஸ்பிரஸ் ட்ரெயின் 25 நிமிசம். ஆனா ஊரிலயிருந்து வாற பெட்டிகளோட அது சரிவராது எண்டுதான் நினைக்கிறன்.

அம்மாவுக்கு ஜக்கெற், பூட்ஸ், தடிச்ச சொக்ஸ் கையோட கொண்டு போங்கோ. அவ சீலையோடயும் செருப்போடயும்தான் வெளிய வருவா.